முதியோர் முகத்தில் ஆறாத கட்டி: வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு நடத்திய குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை பற்றியும் ஜகாத் வரவு செலவு பற்றியும் பேசுவேன். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். கூடவே, நம் நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் நானே என் கையால் எழுதிய ஒரு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயரும் தெருவும் மட்டும் சொல்ல மாட்டேன்.

உக்கடம் பக்கம் வசிக்கும் 76 வயது அம்மா ஒருவர். கணவர் மவுத்தாகி நெடுநாளாகிறது. மகன் தினக்கூலிக்கு வெல்டிங் வேலைக்குப் போகிறார். அந்த அம்மாவிடம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மாலையில் குர்ஆன் ஓத வருவார்கள். எல்லோருக்கும் அவர் 'நன்னி'தான். அவருடைய வலது கண்ணின் மேல் இமையில் ஒரு சிறிய கட்டி வந்தது. வலி இல்லை. நாம் எல்லோரும் நினைப்பது போலவே அவர்களும் கண்கட்டி என்று நினைத்தார்கள். விரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு வைத்தார்கள். ஜாதிக்காய் உரைத்துப் பூசினார்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள்.

குறையவில்லை. ஒரு கிளினிக்கில் கீறி எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் கீறினார்கள். இரண்டு முறையும் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. மூன்றாம் முறை வந்தபோது இமை மயிர் அந்த இடத்தில் மட்டும் உதிர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே பயாப்ஸி எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்: இது கண்கட்டி இல்லை, இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய்.

நம் இமைகளுக்குள் வரிசையாக நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர். கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க, மெல்லிய எண்ணெய்ப் படலத்தைச் சுரப்பது இவற்றின் வேலை. கீழ் இமையைவிட மேல் இமையில் இவை அதிகம். அதனால் இந்தப் புற்றுநோயும் மேல் இமையில்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. மொத்தப் புற்றுநோய்களில் இது மிக அரியது. ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். மேலை நாடுகளில் இமையில் வரும் புற்றுநோய்களில் இது மிகச் சிறிய பங்குதான். அங்கே அடித்தோல் செல் புற்றுநோயே பெரும்பான்மை. நம் நாட்டிலோ இமைப் புற்றுநோய்களில் இந்த எண்ணெய்ச் சுரப்பி வகை பெரும் பங்கு வகிக்கிறது. ஆக, உலகத்துக்கு அரிது என்றாலும் நம் வீட்டுப் பெரியவர்களின் கண்ணிமையைப் பொறுத்தவரை இது முதலில் சந்தேகிக்க வேண்டிய ஒன்று.

இது வேஷம் போடும் நோய். சில சமயம் கண்கட்டி போல இருக்கும். சில சமயம் ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து, ஆறாத கண்வலி போல இருக்கும். கட்டிக்குள் மஞ்சள் நிறம் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் இமையின் உட்புறச் சவ்வில் பரவி, கண்குழிக்குள் போகும். காதுக்கு முன்னாலும் கழுத்திலும் நெறி கட்டும். பிறகு நுரையீரல், கல்லீரல் வரை போகலாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்து முழுமையாக அகற்றிவிட்டால், நன்றாக வாழ முடியும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

அந்த அம்மாவின் மகன் நம்மிடம் மனு கொடுத்தார். காப்பீட்டு அட்டை இல்லை. அதற்கு முன்பே சில பரிசோதனைகள், ஸ்கேன், போக்குவரத்து, இவர் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி எல்லாம் சேர்ந்து அவர் கையை மீறிவிட்டது. நிர்வாகக் குழு கூடியது. அந்த மாதம் கல்லூரிக் கட்டண மனுக்களும் நிறைய இருந்தன. உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "இந்த வயசுல முகத்துக்கு எதுக்குங்க ஆபரேஷன்? அந்தப் பணத்துல ரெண்டு பிள்ளைங்க படிக்கலாமே." அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இருக்கிற பணத்துக்குள் யாருக்குக் கொடுப்பது என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. நானும் தலையாட்டினேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்: 'மனுதாரரின் வயது கருதி, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'

அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்து. இடையில், மனு விசாரணைக்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டே அந்த அம்மா பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சொன்னார்:

"வாங்க தம்பி. வயசாச்சுன்னு எழுதிட்டீங்களாமுங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே சொன்னார்: "எனக்கு அழகெல்லாம் வேண்டாமுங்க. எழுத்துத் தெரிஞ்சாப் போதும். அல்லாஹ் கொடுத்த கண்ணு நல்லாத்தானே இருக்குது? அதுக்கு மேல இருக்கிற மூடிதானே கெட்டுப்போச்சு?"

ஒரு மருத்துவர் அரைமணி நேரம் விளக்கியிருக்க வேண்டியதை அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். மூடி! இமை என்பது அலங்காரம் இல்லை. நாம் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமைதான் கண்ணீரைக் கருவிழி மேல் பரப்புகிறது. இமை இல்லாத கருவிழி காய்ந்து, புண்ணாகி, பார்வையே போய்விடும். ஆகவே 'முகத்துக்கு ஆபரேஷன்' என்று நாங்கள் பேசியது அழகு பற்றியது அல்ல. ஒரு கண்ணைப் பற்றியது, ஓர் உயிரைப் பற்றியது.

வீட்டுக்கு வந்து, மதரஸாவில் படித்த காலத்தில் ஓதிய ஒரு ஹதீஸை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிப்பது. அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அல்லாஹ் ஒரு நோயை மட்டும் தவிர, நிவாரணம் இல்லாத எந்த நோயையும் படைக்கவில்லை என்றும் சொன்னார்கள். அந்த ஒன்று முதுமை.

நம்மில் பலர் இந்த ஹதீஸைக் கேட்டுவிட்டு, 'பார்த்தீர்களா, முதுமைக்கு மருந்து இல்லை' என்று முடித்துக்கொள்கிறோம். கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மருந்து இல்லை என்று சொல்லப்பட்டது முதுமைக்கு. முதியவருக்கு வந்த நோய்க்கு அல்ல. ஒருவருக்கு 76 வயது என்பதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் அவர் இமையில் வந்த கட்டி முதுமை இல்லை, அது நோய். நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள் என்பது அதே ஹதீஸின் முதல் பகுதி. நாங்கள் நோயை வயதின் கணக்கில் எழுதிவிட்டோம். அதுதான் நான் செய்த தவறு.

முகம் சம்பந்தமான சிகிச்சைக்கு நம் மார்க்கத்தில் முன்மாதிரி இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்ற நபித்தோழர், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் என்னும் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அது துர்நாற்றம் எடுத்தது. தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் அணிய அனுமதி இல்லை என்பது நமக்குத் தெரியும். அப்படியிருந்தும், சிதைந்த முகத்தைச் சீர்செய்வது ஒரு தேவை என்பதால் அவருக்கு அனுமதி கிடைத்தது.

கர்தபாவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி பற்றிப் பிள்ளைகள் படித்திருப்பீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை. 30 பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலின் கடைசிப் பகுதி முழுக்க அறுவை சிகிச்சை. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போய், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது. புற்றுக் கட்டி சிறிதாகவும் முழுவதையும் எடுக்கக்கூடிய இடத்திலும் இருந்தால் வெட்டி எடுக்கலாம், வளர்ந்து முற்றிப்போனால் கத்தி வைக்காதீர்கள் என்பது அவர் கருத்து. இன்றைக்கு முற்றியதற்கும் பல வழிகள் வந்துவிட்டன. ஆனால் 'சிறிதாக இருக்கும்போதே' என்ற அவருடைய பாடம் மாறவில்லை.

முகத்தைப் புதிதாக அமைக்கும் வித்தையில் நம் நாட்டுக்கே பெரிய பங்கு உண்டு. 1790 முதல் 1792 வரை மைசூர்ப் போர் நடந்தது. நம் கோயம்புத்தூர்க் கோட்டையும் 1791இல் முற்றுகைக்கு உள்ளானது. அந்தப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். சுமார் ஒரு வருடம் கழித்து, புனே பக்கம் செங்கல் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கின் அளவு எடுத்து, அதை நெற்றியில் விரித்து, அதே அளவுக்கு நெற்றித் தோலைக் கீறி, புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒட்டியிருக்கும்படி விட்டு, கீழே திருப்பி மூக்காகப் பொருத்தினார். இரத்த ஓட்டம் அறுபடாததால் தோல் பிழைத்தது. இதை ஆங்கில மருத்துவர்கள் நேரில் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோடு வெளிவந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையில் செய்து வெற்றி கண்டார். மூக்கில் புற்றுநோய் வந்து எடுக்கப்பட்டவர்களுக்கு இன்றும் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கிறார்கள். இந்திய முறை என்றே உலகம் சொல்கிறது.

இப்போது நம் நன்னியின் சிகிச்சைக்கு வருவோம். இரண்டாவது கூட்டத்தில் உதவியை ஒருமனதாகக் கொடுத்தோம். முன்பு கேள்வி கேட்ட உறுப்பினரே முதலில் கையெழுத்துப் போட்டார். ஆனால் மருத்துவர்கள் மறுபடி பார்த்தபோது, முதலில் பாதி இமை என்று சொன்னது, ஏறக்குறைய முழு மேல் இமையாக ஆகியிருந்தது. அந்த ஒரு மாதத்தில்தான் அது வளர்ந்தது என்று மருத்துவர் சொல்லவில்லை. முன்பே உள்ளுக்குள் பரவியிருந்திருக்கலாம். ஆனால் அந்த மாதம் என் கணக்கில் இருக்கிறது. அதை நான் மறக்க முடியாது.

அறுவை சிகிச்சை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பயந்துபோய் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும். முதலில் இமையின் உட்சவ்வில் பல இடங்களில் துளித்துளியாகச் சதை எடுத்து, நோய் எதுவரை போயிருக்கிறது என்று வரைபடம் போலக் குறித்துக்கொண்டார்கள். பிறகு கட்டியை, சுற்றிலும் சில மில்லிமீட்டர் நல்ல சதையோடு சேர்த்து எடுத்தார்கள். எடுத்ததன் ஓரங்களை நுண்ணோக்கியில் பார்த்து, ஓரத்தில் நோய் இல்லை என்று உறுதி செய்தார்கள். இந்த ஓரப் பரிசோதனைதான் மிக முக்கியம். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மறுபடி வரும்.

அடுத்து, புது இமை. கீழ் இமையின் விளிம்பை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருந்து தோலும் சதையுமாக ஒரு பகுதியை, விளிம்புக்கு அடியில் பாலத்துக்குக் கீழே நுழைப்பது போல நுழைத்து, மேலே கொண்டுவந்து தைத்தார்கள். கட்லர், பியர்ட் என்ற இரு மருத்துவர்கள் 1955இல் எழுதிய முறை இது. இதில் கண் ஆறிலிருந்து எட்டு வாரம் மூடியே இருக்கும். புது இடத்தில் இரத்த ஓட்டம் பிடித்த பிறகு, இரண்டாவது முறை வெட்டித் திறப்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், 'கண்ணையே தைத்துவிட்டார்கள்' என்று வீட்டில் கலவரம் ஆகிவிடும்.

அந்த வாரங்களில் அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி, ஒளு எப்படி, ஸஜ்தா எப்படி என்பதுதான். ஹழ்ரத்திடம் கேட்டுச் சொன்னேன். தண்ணீர் படக்கூடாத கட்டின் மேல் ஈரக் கையால் தடவினால் போதும்; அதுவும் கெடுதல் என்றால் அதையும் விட்டுவிடலாம். தலையைக் குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், உட்கார்ந்து சைகையால் தொழலாம். மார்க்கம் நோயாளிக்கு இலேசாகத்தான் இருக்கிறது. தொழுகை போய்விடுமே என்று அஞ்சி ஆபரேஷனைத் தள்ளிப்போடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், கண் திறந்தது. புது இமையில் மயிர் இல்லை. கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. ஆனால் மூடுகிறது, திறக்கிறது. பிள்ளைகள் மறுபடியும் ஓத வருகிறார்கள். முழுக்க முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில மாதங்களுக்கு ஒருமுறை காதுப் பக்கமும் கழுத்திலும் நெறி இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். இது ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். தையல் பிரித்தவுடன் மருத்துவமனையை மறந்துவிடக் கூடாது.

சகோதர சகோதரிகளே, இனி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய சில விஷயங்கள்.

வீட்டில் பெரியவர்களின் முகத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கண்கட்டி, இமை மயிர் உதிர்ந்த இடம், ஒரு கண்ணில் மட்டும் ஆறாத சிவப்பு, மூக்கிலோ கன்னத்திலோ ஒரு மாதமாகியும் ஆறாத புண், பொருக்கு உதிர்ந்து உதிர்ந்து இரத்தம் கசியும் இடம், திடீரென வளரும் மச்சம் அல்லது மரு: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடித்தோல் செல் புற்றுநோய் நம் நிறத்தவர்களுக்குக் கருப்பாக, மச்சம் போலவே இருக்கலாம். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் விட்டால் மூக்கையும் எலும்பையும் அரித்துவிடும். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

மருவில் சுண்ணாம்பு வைத்துச் சுடுவது, குதிரைவால் முடியால் கட்டி அறுப்பது, இவற்றை முகத்தில் செய்யவே செய்யாதீர்கள். எங்கே கட்டியை எடுத்தாலும், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் ஆபரேஷன் செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள். கட்டுப்பாட்டில் கொண்டுவந்து செய்வார்கள். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் பையோடு எடுத்துப் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடும்பத்தில் இளம் வயதில் குடல் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்ணெய்ச் சுரப்பிக் கட்டியும் அதுவும் சில குடும்பங்களில் சேர்ந்து வருவதுண்டு.

நோயாளியிடம் மறைக்காதீர்கள். அவருடைய உடம்பு, அவருடைய முடிவு. உடல் தாங்காத நிலையில் இருப்பவருக்குக் கதிர்வீச்சு போன்ற வேறு வழிகளை மருத்துவர் சொல்லலாம். எல்லாம் புரிந்துகொண்டு, எனக்கு வேண்டாம் என்று அவரே சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். ஆனால் அவருக்காக நாம் 'வேண்டாம்' என்று சொல்லக் கூடாது.

நம் ஊரில் வசதிக்குக் குறைவில்லை. திருச்சி சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவினாசி சாலையில் அரவிந்த், சத்தி சாலையில் சங்கரா போன்ற கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யுங்கள். நோய் வந்த பிறகு ஓடாதீர்கள். இன்றைக்கே அட்டை எடுங்கள். காப்பீட்டில் வராத பஸ் செலவு, சாப்பாடு, கூடப் போகிறவரின் கூலி இழப்பு, இவற்றுக்குத்தான் நம் உதவி அதிகம் தேவைப்படுகிறது. நம் ஹனஃபி மத்ஹபில் ஜகாத் பணம் தகுதியுள்ள ஏழையின் கைக்கு உரிமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால், அதை நோயாளியிடமே கொடுக்கிறோம். மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவதை சதகா நிதியிலிருந்து செய்கிறோம்.

நிர்வாகக் குழுவும் மாறியிருக்கிறது. மருத்துவ மனுக்கள் இனி மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்காது. செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும் மூன்று நாட்களுக்குள் முடிவு சொல்வோம். மருத்துவரின் கடிதத்தில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் கேட்போம்: செய்தால் நோயாளிக்கு என்ன கிடைக்கும்? தாமதித்தால் என்ன போகும்? படிவத்தில் வயது என்ற கட்டம் இருக்கும். ஆனால் அது மறுப்பதற்கான காரணமாக இனி எழுதப்படாது. பழைய தீர்மானப் புத்தகத்தில் அந்த வரியை நான் அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். அடுத்து வரும் செயலாளர் படிக்கட்டும்.

வெளியே நம் இளைஞர்கள் காப்பீட்டு அட்டைக்கான விவரங்களை எழுதித் தர அமர்ந்திருக்கிறார்கள். மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்தில் சொல்லுங்கள். பெண்களுக்குத் துணையாகப் பெண்களே வருவார்கள்.

நோயில் இருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. நம் வீட்டுப் பெரியவர்களின் முகத்தைக் கவனித்துப் பார்க்கும் கண்ணை நமக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.